பெரிய லென்ஸ் வேண்டாம், உட்கார்ந்தால் போதும்

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பறவையையோ மலையணிலையோ கருமந்தியையோ படம் எடுக்கப் போனால், அவற்றின் பின்னால் நடக்காதீர்கள். சோலை ஓரத்தில், பழுத்த மரத்துக்கோ ஓடைக்கோ கொஞ்சம் தள்ளி, வெயில் முதுகில் படும்படி தரையில் உட்கார்ந்துவிடுங்கள். ஷட்டர் சத்தத்தை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருங்கள். ஜூம் லென்ஸ் வாடகை பெரும்பாலும் மிச்சம்.

நிமிர்ந்து நேராக நெருங்கி வரும் ஆளைக் கண்டால்தான் அவை மிரளும். அசையாமல் தாழ்ந்து இருப்பவரைச் சற்று நேரத்தில் கண்டுகொள்ளாமல், விட்ட இரைக்கே திரும்பிவிடும். தொட்டபெட்டாவில் புதரடியில் இரை தேடும் நீலகிரி சிரிப்பான் என்ற பறவையைக் கண்மட்டத்தில் எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. படமே விழாவிட்டாலும் அந்த இருபது நிமிடம் மனசுக்கு நல்லது, அது வேறு கணக்கு.

காட்டெருமையிடம் மட்டும் இது கூடவே கூடாது. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களிலும் கொடைக்கானல் தெருக்களிலும் சாதுவாக மேய்வதுபோல் தெரியும். ஆனால் பெரிய ஆண் ஒன்று ஒரு டன்னை நெருங்கும், திரும்பினால் எழுந்து விலக நேரம் இருக்காது. யானை நடமாடும் இடத்திலும் அப்படித்தான். முதுமலையில் காட்டுச் சாலையில் வண்டியை விட்டு இறங்கவே அனுமதி இல்லை. நாட்டுக் குரங்கு இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் பை போய்விடும். மழைக்காலத்தில் அட்டை வேறு, உப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.