ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? முதலில் ரவுட்டரைப் பாருங்கள்

அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான பிபிஎக்ஸில், இணையம் வழியாக அழைப்புகளைக் கொண்டுவரும் எஸ்ஐபி டிரங்க் போட்டாயிற்று, ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, மணியும் அடிக்கிறது. ஆனால் எடுத்துப் பேசினால் நம் குரல் அவருக்குக் கேட்கிறது, அவர் குரல் நமக்கு வரவில்லை. சேவை நிறுவனத்தைக் கூப்பிடும் முன், ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' (தன்னைக் கடக்கும் எஸ்ஐபி அழைப்புத் தகவலை ரவுட்டரே திருத்தும் வசதி) இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் அணைத்துவிடுங்கள். உதவிக்கு வைத்த வசதிதான். ஆனால் அழைப்புத் தகவலில் உள்ள முகவரியைப் பல நேரம் தப்பாக மாற்றிவிடும்.

அப்புறம் பிபிஎக்ஸின் என்ஏடி (உள் முகவரிக்கும் வெளி முகவரிக்கும் இடையே மாற்றுவது) அமைப்பில் வெளி ஐபி முகவரியையும் உள் நெட்வொர்க்கையும் சரியாகக் கொடுங்கள். இது விடுபட்டால் 192.168 என்று தொடங்கும் உள் முகவரியையே அது எதிர்முனைக்குச் சொல்லும். வெளியிலிருந்து குரல் அங்கே வந்து சேராது. குரலுக்கான ஆர்டிபி போர்ட்டுகளும் (குரல் தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாசல்கள்) திறந்திருக்க வேண்டும். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளில் அவை வழக்கமாக 10000 முதல் 20000 வரை, யுடிபி வகை.

எஸ்ஐபி அழைப்புத் தகவல் வரும் 5060 போர்ட்டை மட்டும் எல்லோருக்கும் திறந்து வைக்கவே வைக்காதீர்கள். சேவை நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் அனுமதி போதும். இல்லாவிட்டால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்து, இரவோடு இரவாக வெளிநாட்டு அழைப்புகளால் பில்லை ஏற்றிவிடுவார்கள்.

ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 90 கிலோபிட் வேகம் வேண்டும். ஒரே நேரத்தில் 10 பேர் பேசுவார்கள் என்றால், அப்லோடில் 1 மெகாபிட்டை இதற்கென்றே ஒதுக்குங்கள்.