அக்காத் மன்னன் தெய்வமாக எழுதப்பட்டிருக்கிறானா? கல்லிலும் முத்திரையிலும் பார்த்துச் சொல்லும் முறை

பழைய மெசபொத்தேமிய (இன்றைய ஈராக் பகுதி) மன்னர்கள் எல்லோருமே தங்களைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு. அங்கே அக்காத் நகரிலிருந்து ஆண்ட அக்காத் வம்சத்தில், உயிரோடிருக்கும்போதே தன் பெயருக்கு முன்னால் தெய்வக் குறி போட்டுக்கொண்ட முதல் மன்னன் நராம்-சின் (கி.மு. 2254–2218). வம்சத்தை நிறுவிய சார்கோனும், அவன் மகன்கள் ரிமுஷ், மனிஷ்துஷுவும் தங்கள் கல்வெட்டுகளில் அப்படிச் செய்யவில்லை. ஆகவே ஒரு பொருளின் படம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த மன்னன் காலத்தது என்பதை. இங்கே தரும் ஆண்டுகள், ஆய்வாளர்களிடம் உள்ள பல கணிப்புகளில் ஒன்றான நடுக் காலக்கணிப்பின்படி. வேறொரு நூலில் இதே மன்னன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிந்தி வந்தால் பதற வேண்டாம், அவர்கள் குறுகிய கணிப்பைப் பின்பற்றுகிறார்கள்.

அடுத்து நட்சத்திரத்தைத் தேடுங்கள். ஆப்பெழுத்தில், அதாவது ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன மெசபொத்தேமிய எழுத்தில், தெய்வக் குறி என்பது நான்கு கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும் எட்டு முனை நட்சத்திரம். அக்காத் காலக் கற்களில் அது தெளிவாகத் தெரியும். பிற்காலக் களிமண் பலகைகளில் சில ஆப்புகளாகச் சுருங்கிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்லில் எழுத்து மேலிருந்து கீழே ஓடும், பத்திகள் வலமிருந்து இடமாக வரும். அச்சு நூல்களிலோ அதை இடப்பக்கமாக 90 டிகிரி சாய்த்து, இடமிருந்து வலமாகப் போட்டிருப்பார்கள். கல்லின் புகைப்படத்தையும் நூலில் உள்ள வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் ஒன்றும் பொருந்தாது. நட்சத்திரத்தை எப்படித் திருப்பினாலும் அது நட்சத்திரம்தான் என்பதால், பொருத்திப் பார்க்க அதையே பிடிமானமாகக் கொள்ளலாம். இணையத்தில் உள்ள எழுத்துப்பெயர்ப்புகளில் இந்தக் குறியைப் பெயருக்கு முன்னால் மேலே சிறிய ஆங்கில 'டி' (d) எழுத்தாகவோ, நெளிவு அடைப்புக்குள் 'டி' என்றோ காட்டுவார்கள்.

நட்சத்திரம் கிடைத்துவிட்டது என்பதாலேயே மன்னன் தெய்வமாகிவிட மாட்டான். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அந்தக் குறிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் உண்டு. வாயால் உச்சரிக்காத வெறும் அடையாளமாக, பின்னால் வருவது தெய்வப் பெயர் என்று அது காட்டும். 'தெய்வம்' என்ற முழுச் சொல்லாகவும் நிற்கும். 'வானம்' என்றும், 'அன்' என்ற வெறும் அசையாகவும் வரும். நராம்-சின் காலத்து ஊழியர்களின் முத்திரைகளில் வரும் 'நராம்-சின், அக்காத்தின் தெய்வம்' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நட்சத்திரம் மூன்று முறை வரும். 'நராம்' என்பதற்கு முன்னால் நிற்பது மௌனக் குறி. நமக்கு வேண்டியது இதுதான். 'சின்' என்பதற்கு முன்னால் நிற்பது நிலாத் தெய்வத்துக்கு உரியது. சின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்ட எந்தச் சாதாரண ஆளின் பெயரிலும் அது இருக்கும். 'அக்காத்' என்பதற்கு முன்னால் நிற்பது 'தெய்வம்' என்ற சொல்லே.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. பெயரின் 'சின்' பகுதியை விரலால் மறைத்துவிட்டு, மீதியுள்ள 'நராம்' பகுதிக்கு முன்னால் நட்சத்திரம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மன்னனுக்குத் தெய்வக் குறி உண்டு. நிற்காவிட்டால், அவன் ஆட்சியின் முற்பகுதிக் கல்வெட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மறைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நிலாத் தெய்வத்தின் பெயரை 'என்-சூ' என்ற வரிசையில் எழுதி 'சூஎன்' என்று படிப்பார்கள், ஒலி வரிசையும் குறி வரிசையும் ஒத்துப்போகாது. அவன் மகன் ஷார்-கலி-ஷார்ரியின் பெயரில் தெய்வப் பெயர் எதுவும் இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அவன் பெயருக்கு முன்னால் சில இடங்களில் நட்சத்திரம் இருக்கும், சில இடங்களில் இருக்காது. ஒரே ஒரு முத்திரையைப் பார்த்து அவன் தெய்வப் பட்டத்தைத் துறந்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள்.

முத்திரைகள் பற்றி ஒரு வார்த்தை. இந்த முத்திரைகள் சிறு உருளைகள். உருளையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும். களிமண்ணில் உருட்டிய பதிவைத்தான் படிக்க வேண்டும்.

பட்டங்களைப் பார்க்கும்போது எல்லாவற்றையும் தெய்வப் பட்டமாக எண்ணக் கை தாராளமாகிவிடும். சார்கோனின் பட்டங்களில் 'அனுவின் அபிஷேகம் பெற்ற பூசாரி', 'என்லிலின் ஆளுநர்' என்றெல்லாம் வரும். இவை தெய்வங்களுக்குக் கீழே வேலை செய்பவனின் பட்டங்கள். 'கிஷ் மன்னன்', 'வலியவன்' இரண்டிலும் தெய்வத்தன்மை இல்லை. நராம்-சின்னோடு வரும் 'நான்கு திசைகளின் மன்னன்' எவ்வளவு பெரிதாக ஒலித்தாலும் அது நிலத்தின் மீதான உரிமைதான். தெய்வப் பட்டம் என்று எண்ண வேண்டியது 'அக்காத்தின் தெய்வம்' என்பதையே.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதை பஸ்ஸெத்கி சிலையின் கல்வெட்டு சொல்கிறது. வட ஈராக்கில் தொஹுக் பக்கம் 1960களில் கிடைத்த செம்புச் சிலை அது, எடை சுமார் 150 கிலோ. இப்போது எஞ்சியிருப்பது பீடமும் இடுப்புக்குக் கீழ்ப்பகுதியும். 2003-இல் பாக்தாத் அருங்காட்சியகத்திலிருந்து கொள்ளைபோய் அதே ஆண்டில் மீட்கப்பட்டது. நான்கு திசைகளும் எதிர்த்தெழுந்தபோது நராம்-சின் ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்றான். நகரத்தைக் காப்பாற்றியதால், தங்கள் நகரின் தெய்வமாக அவனைத் தரும்படி அக்காத் மக்கள் தெய்வங்களிடம் கேட்டார்கள் என்கிறது கல்வெட்டு. யாரிடம் கேட்டார்கள் என்பதையும் ஊரோடு சேர்த்து வரிசையாகச் சொல்கிறது: உருக் நகரின் ஏஅன்னா கோயிலில் இஷ்தார், நிப்பூரில் என்லில், துத்துலில் தாகன், கேஷில் நின்ஹுர்சாக், எரிதுவில் ஏஆ, 'ஊர்' (Ur) என்ற நகரில் சின், சிப்பரில் ஷமாஷ், கூத்தாவில் நெர்கல். பிறகு அக்காத் நகருக்குள் அவனுக்குக் கோயில் கட்டினார்கள். இந்த எட்டுப் பெயர்களையும் அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு தலம் இருப்பதுபோல மன்னனுக்கும் ஒரு தலம் கிடைத்தது, அவ்வளவே. அனுமதி கொடுப்பவர்கள் பழைய தெய்வங்கள்; தலைமைத் தெய்வமான என்லிலின் இடத்தில் அவன் உட்காரவில்லை. அக்காத் நகரம் இருந்த இடமே இன்றுவரை அடையாளம் காணப்படாததால், அந்தக் கோயில் எப்படி இருந்தது என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் அது கற்பனை.

உருவங்களில் கொம்பைப் பாருங்கள். கொம்பு வைத்த தலையணி தெய்வங்களுக்கு உரியது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, 2 மீட்டர் உயரமுள்ள வெற்றித் தூணில் லுல்லுபி மலைமக்களை மிதித்து ஏறும் நராம்-சின் கொம்புக் கவசம் அணிந்திருக்கிறான். மற்றவர்களைவிடப் பெரியவனாகவும் இருக்கிறான். ஆனால் கொம்பு ஒரே ஒரு ஜோடி. பெருந்தெய்வங்களுக்குப் பல அடுக்குகளில் வரும். உச்சியில் தெய்வங்கள் நட்சத்திரங்களாக மட்டும் நிற்கின்றன. மலைச் சரிவின் மீதுள்ள எழுத்தை நராம்-சின்னுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் தூணை சிப்பரிலிருந்து சூசாவுக்குத் தூக்கிச் சென்ற ஏலாம் (இன்றைய ஈரானின் தென்மேற்குப் பகுதி) மன்னன் ஷுத்ருக்-நஹ்ஹுந்தே வெட்டச் செய்தது அது. நினிவேயில் 1931-இல் கிடைத்த புகழ்பெற்ற செம்புத் தலையில் கொம்பும் இல்லை, எழுத்தும் இல்லை. அது சார்கோனா நராம்-சின்னா என்பதே முடிவாகவில்லை. தெய்வ அரசுக்குச் சான்றாக அதைக் கொண்டுவர வேண்டாம்.

பிற்காலக் கதைகளைத் தனியே வையுங்கள். நராம்-சின் நிப்பூரில் என்லிலின் எகூர் கோயிலை இடித்ததாக 'அக்காத்தின் சாபம்' என்ற சுமேரியப் பாடல் சொல்லும். நிப்பூரில் கிடைத்த, அவன் பெயர் பதித்த செங்கற்களோ அவன் அங்கே கட்டியதைக் காட்டுகின்றன. பல நூற்றாண்டுகள் கழித்து நிப்பூர் எழுத்தர்கள் அக்காத் சிலைகளிலிருந்து படியெடுத்து வைத்த பலகைகள் இதைவிட நம்பகமானவை. எழுத்து சிலையின் எந்தப் பகுதியில் இருந்தது என்றுகூடக் குறித்திருக்கிறார்கள். ஆனாலும் அவை படிகள்தான். குறிப்பேட்டில் 'மூலம்', 'படி' என்று பிரித்து எழுதுங்கள்.

கடைசியாக, எழுத்துப்பெயர்ப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் இல்லாதது, பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. பெயருக்கு முன்னுள்ள நட்சத்திரம் அந்த அடைப்புக்குள் இருந்தால், அந்தக் கல்வெட்டை உங்கள் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.