க்ரூஸ் கப்பல்ல பூல் துண்டு வாங்குறப்போ கவனிக்க வேண்டியது

நிறைய கப்பல்ல துண்டு கொடுக்கும்போதே ரூம் கார்டை ஸ்கேன் பண்ணி உங்க பேர்ல ஏத்திக்குவாங்க, திருப்பித் தரலன்னா ராயல் கரீபியன் மாதிரி கம்பெனி கப்பல்ல துண்டுக்கு 25 டாலர் பில்லுல ஏறிடும். அதனால சும்மா கூடைல வீசிட்டுப் போகாதீங்க, கவுன்டர்ல நின்னு உங்க பேர்லேர்ந்து கழிச்சாச்சான்னு கேட்டுட்டே நகருங்க.

அப்புறம் விடிஞ்சதும் பூல் ஓரத்துல நாலு சேர்ல துண்டையும் ஒத்தைச் செருப்பையும் போட்டு இடம் புடிச்சிட்டு சாப்பிடப் போறது ரொம்ப தப்புங்க, கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு நிழல் தேடி அலையுறவங்கள பாத்தா மனசே கேக்காது. கார்னிவல் கம்பெனி கப்பல்ல 40 நிமிஷம் ஆள் வரலன்னா ஊழியர்களே பொருளை எடுத்து வச்சிடுவாங்க. நீங்களா அடுத்தவங்க துண்டைத் தொடாதீங்க, சண்டைதான் வரும், ஊழியர்கிட்ட சொல்லுங்க.