கபடி பார்ப்பது எப்படி: ஆட்டத்துக்காகவா, அணிக்காகவா?

தைப் பொங்கலில் தொடங்கி சித்திரைத் திருவிழாக்கள் வரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ஏதாவது ஒரு ஊரில் ராத்திரிக் கபடி நடந்துகொண்டே இருக்கும். நம்ம ஊர் ஜெயிக்கணும் என்று போகிறவர்கள் உண்டு. யார் ஜெயித்தாலும் சரி, நாலு நல்ல பிடி பார்க்கணும் என்று போகிறவர்களும் உண்டு. இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். ஆனால் ஒரே மேட்ச்சில் இரண்டையும் நிறைவேற்றிக்கொள்ள முடியாது. அணிக்காரர் கண் ரெய்டு போகிற, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிற தன் ஆளோடு ஓடும், இல்லாவிட்டால் ஸ்கோர் போர்டில் நிற்கும். ஆட்டம் பார்க்கிறவர் கண் பிடிக்கிறவர்களின் காலில் இருக்கும். அதனால் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் உட்காரும் முன்பே எதற்காகப் பார்க்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சொந்த ஊர் ஆடும்போது நடுநிலையாகப் பார்க்க முயல வேண்டாம். அது நடக்கிற காரியமில்லை, கத்திவிட்டுப் போங்கள். ஒரு மேட்ச் இடைவேளை 5 நிமிடத்தோடு சேர்த்து 45 நிமிடம்தான். நாக்-அவுட் என்பதால் உங்கள் ஊர் ஒன்றோ இரண்டோ ஆட்டம் ஆடும். மீதி ராத்திரி முழுக்க மற்ற ஊர்க்காரர்கள் ஆடுவார்கள். கண்ணைப் பழக்க அந்த மேட்ச்கள்தான் சரி. முதல் சுற்றில் பலமான அணியும் சின்ன அணியும் மோதும்போது பத்து நிமிடத்தில் சலித்துவிடும். காலிறுதியிலிருந்து பாருங்கள்.

எங்கே உட்காருவது

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரெய்டர் தாண்டியே ஆகவேண்டிய பாக் லைன், அதற்கும் 1 மீட்டர் உள்ளே போனஸ் லைன். கூட்டம் முழுக்க நடுக்கோட்டுக்கு நேராகத்தான் முண்டும். ஸ்கோர் மேசை அங்கே, தொட்டுவிட்டுக் கை நீட்டி விழுவதும் அங்கே. அணிக்காரருக்கு அது நல்ல இடம்.

ஆட்டம் பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில், பாக் லைனுக்கும் போனஸ் லைனுக்கும் நேராக உட்காருங்கள். போனஸ் போடும்போது முன்கால் கோட்டைத் தாண்டி ஊன்றியதா, பின்கால் தரையை விட்டு எழும்பியதா என்று அங்கிருந்துதான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் போனஸ் என்கிற கூடுதல் புள்ளி. பாதிக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுவதால், இடத்தை விட்டு நகராமலே இரண்டு அணியின் பிடியையும் பார்த்துவிடலாம். களத்தின் பின்கோட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். கார்னரும் (பிடிக்கிற வரிசையின் ஓரத்து ஆள்) அவருக்குப் பக்கத்து ஆளும் கை கோத்திருப்பதும், எந்த நொடியில் கையை விடுகிறார்கள் என்பதும் அங்கிருந்துதான் தெரியும்.

தரையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கக் களிமண் காய்ந்தால் பாறை, நனைந்தால் வழுக்கல். அதனால் மண் கொண்டுவந்து கொட்டி, மரத்தூள் கலந்து களம் போடுவார்கள். தை மாதப் பனி இறங்கிய பிறகு மேல்மண் ஈரமாகி, கால் ஊன்றித் திரும்புகிற ரெய்டர்கள் தடுமாறுவார்கள். பத்து மணிக்கு நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தவர் இரண்டு மணிக்குச் சிக்குவதற்குக் களைப்பு மட்டும் காரணமில்லை. செயற்கை விரிப்பில் (மேட்) ஷூ போட்டு ஆடுகிற ஆட்டத்தை இதோடு ஒப்பிடவே கூடாது.

கண்ணை எங்கே வைப்பது

முதல் பத்து நிமிடம் ரெய்டரைப் பார்க்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், பாடுகிறவர் மேல்தான் கண் போகும். ஆனாலும் ஒரு கார்னரைத் தேர்ந்தெடுத்து அவர் காலை மட்டும் பாருங்கள். ரெய்டர் எதிர்ப்பக்கம் போகும்போது இவர் பாதம் முழுக்கத் தரையில் இருக்கும். தன் பக்கம் திரும்பியதும் குதிகால் எழும்பும், இடுப்பு தாழும். ரெய்டர் போனஸுக்கு முன்காலை நீட்டி, உடம்புப் பாரத்தை அதில் இறக்குகிற அந்த நொடியில் கணுக்காலுக்குப் பாய்வதுதான் நல்ல கணுக்கால் (ஆங்க்கிள்) பிடி. அரை நொடி முந்திப் பாய்ந்தால் கை மண்ணில் விழும், ரெய்டர் முதுகில் தட்டிவிட்டுப் போய்விடுவார். கூட்டத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிடி விழுந்தால் விசில், விழாவிட்டால் ஏச்சு. முந்திப் பாய்கிற கார்னரை எதிரணி ரெய்டர் இரண்டு ரெய்டுக்குள் கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு காலை நீட்டுவதுபோல் காட்டிக் காட்டி அவரை இழுப்பார். இந்தச் சண்டைதான் ஆட்டம்.

கார்னர் ஆட்டம் புரிந்ததும், கார்னருக்கு உள்பக்கம் நிற்கிற கவர் ஆட்டக்காரரிடம் போங்கள். ரெய்டர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பி, முகம் விலகிய நேரத்தில் கவர் தோளைக் கொடுத்து வெளியே தள்ளுவார். கார்னர் காத்திருந்து செய்வதை இவர் பாய்ந்து செய்ய வேண்டும். நல்ல கவர் அமைவது அபூர்வம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அடுத்தது, தலை எண்ணுவது. ஒவ்வொரு ரெய்டுக்கும் முன்பு பிடிக்கிற பக்கம் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆறோ ஏழோ இருந்தால் போனஸ் உண்டு. ஐந்துக்கு வந்தால் போனஸ் கிடையாது, தொட்டே ஆகவேண்டும். மூன்றோ அதற்குக் கீழோ வந்தால் சூப்பர் டேக்கிள். பிடித்தால் ஒன்றுக்குப் பதில் 2 புள்ளி. ஆளே இல்லாமல் போனால் ஆல் அவுட். எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி, ஏழு பேரும் திரும்ப உள்ளே. மூன்று பேர் மிஞ்சிய அணி பாவம் என்று அணிக்காரர் நினைப்பார். அந்த மூன்றில் இரண்டு பேர் கார்னராக இருந்தால், பயப்பட வேண்டியது ரெய்டர்தான்.

கடைசி மூன்று நிமிடத்துக்கு ஒரு கணக்கு. ஒரு ரெய்டு அதிகபட்சம் 30 நொடி. எல்லாரும் முழு நேரம் எடுத்தால் மிச்சம் ஆறு ரெய்டு, அணிக்கு மூன்று. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் அவுட் என்ற டூ ஆர் டை விதி இருக்கிற போட்டியானால், முன்னிலையில் இருக்கிற அணி பாக் லைனை மட்டும் தாண்டிவிட்டு இரண்டு ரெய்டைச் சும்மா கழிக்கலாம். கூட்டம் கத்தும். பின்தங்கிய அணி அவர்களை உள்ளே இழுக்க என்ன செய்கிறது என்று நீங்கள் பாருங்கள். அந்த விதி உண்டா இல்லையா என்பது ஊருக்கு ஊர் மாறும். நோட்டீஸிலோ மைக்கிலோ சொல்வார்கள், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அணி பிடிப்பதென்றால்

டிவியில் புரோ கபடி லீக் பார்க்க அணி வேண்டும். மாதக்கணக்கில் மேட்ச் மேல் மேட்ச் என்று ஓடுவதை எந்தப் பிடிப்பும் இல்லாமல் யாராலும் பார்க்க முடியாது. ஆனால் எதைப் பிடிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் புரோ கபடி கோப்பையைத் தூக்கியது பாட்னா கேப்டனாக. மறு வருஷம் தமிழ்நாட்டு அணியாகத் தமிழ் தலைவாஸ் வந்தபோது அவர் புனே பக்கம் ஆடினார். மண்ணின் ஆளுக்குக் கத்துவதா, ஊர்ப் பெயர் போட்ட சட்டைக்குக் கத்துவதா? இரண்டும் சரிதான், கலக்கிக்கொண்டால்தான் எரிச்சல். நட்சத்திரத்துக்காக அணி பிடிப்பது இன்னும் ஆபத்து. 2022-ல் தலைவாஸ் பெரும் விலை கொடுத்து எடுத்த பவன் செராவத் முதல் மேட்ச்சிலேயே முழங்கால் அடிபட்டு சீசனையே இழந்தார். அவருக்காக வந்தவர்கள் டிவியை அணைத்தார்கள். அணியோடு இருந்தவர்கள் அந்த வருஷம் அரையிறுதி பார்த்தார்கள்.

இந்தியா ஆடும்போது இது இன்னும் கடினம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈரான் 27-18 என்று இந்தியாவை அரையிறுதியில் மடக்கியது. வயிற்றெரிச்சல் அடங்கியபின் அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஈரானின் ஃபசல் அத்ராசலியின் இடது கார்னர் ஆட்டம் பிடி கற்கிற பிள்ளைகளுக்குப் பாடம். கடந்த 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் நம் பக்கத்து வடுவூர் அபினேஷ் இருந்தார். அதை மட்டும் நடுநிலையாகப் பார்க்கச் சொல்ல எங்களுக்கும் மனசில்லை.

சண்டை எங்கே வரும்

பெரும்பாலும் லாபியில். பக்கவாட்டில் இருக்கிற 1 மீட்டர் பட்டை, தொடுதலோ பிடியோ நடந்த பிறகுதான் களத்தில் சேரும். அதற்கு முன் அதில் கால் வைத்த ரெய்டர் அவுட், பிடிக்கிறவர் வைத்தாலும் அவுட். கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நடுவர் கை தூக்கியதும் “எங்கய்யா தொட்டான்?” என்று எழுந்துவிடுவார்கள். இன்னொன்று, வெளியே போனவர்கள் திரும்பும் வரிசை. முதலில் போனவர்தான் முதலில் வருவார், போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்ப வரமுடியாது. அவுட்டானவர்களின் நம்பரை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்தால் யார் வர வேண்டும் என்பதில் உங்களுக்குக் குழப்பம் வராது. பக்கத்தில் இருப்பவரோடு பந்தயம் மட்டும் கட்டாதீர்கள். நூறு ரூபாய் வைத்துவிட்டால் பிறகு யார் காலும் கண்ணில் படாது.

உங்கள் ஊர் தோற்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உங்கள் ரெய்டரை மூன்று முறை மடக்கிய அந்தக் கார்னர் அடுத்த சுற்றிலும் ஆடுவார். எந்தக் காலை முன்னால் வைத்துக் காத்திருக்கிறார், கைகோத்தவருக்கு எப்படிச் சைகை கொடுக்கிறார் என்று இப்போது நிதானமாகப் பார்த்து வையுங்கள். அடுத்த ஊர்ப் போட்டியில் அவரை எதிர்த்து ரெய்டு போகப் போகிற உங்கள் பையனிடம் சொல்ல அது உதவும்.