ஊர்க் கால்பந்துப் போட்டிக்குப் பாட்டு போடுவது எப்படி?

சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் டெல்டாவில் பந்து விளையாட இடத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரில் போட்டி நடத்துகிறீர்களா? அதற்கென்று ஒரு பாட்டையும் போட்டுவிடுங்கள். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு போன், ஒரு தவில்காரர், கூச்சமில்லாமல் பாட நாலு பேர் போதும்.

படி 1: எந்தப் பாட்டு?

உலகக் கோப்பையில் இரண்டு வகை உண்டு. அணிகள் நடந்து வர ஒலிப்பது ஒன்று. 1994ல் வந்த ஃபிஃபா கீதம் அப்படி. ஜெர்மனியின் ஃப்ரான்ஸ் லாம்பர்ட் அமைத்தது, வார்த்தையே கிடையாது. இன்னொன்று கூட்டமே சேர்ந்து கத்துவதற்கு. 1962ல் சிலி நடத்திய போட்டிக்கு லாஸ் ராம்ப்ளர்ஸ் குழு பாடிய ராக் பாட்டு அந்த ரகம். இரண்டையும் ஒரே பாட்டில் திணித்தால் இரண்டும் கெடும்.

படி 2: நடந்து வர நாகஸ்வரம்

சாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டு வளர்ந்த நமக்கு, வார்த்தையில்லாத இசையின் மிடுக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மல்லாரியையே மைதானத்தில் போடாதீர்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். மல்லாரிக்குரிய அதே கம்பீர நாட்டை ராகத்தில் ஒரு நிமிஷத்துக்கு வேறு ஏதாவது வாசித்துத் தரச் சொல்லுங்கள். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் கீதமும் இந்த வழியில் வந்ததுதான். 1727ல் இசையமைப்பாளர் ஹாண்டல் இங்கிலாந்து அரசரின் முடிசூட்டு விழாவுக்கு எழுதிய இசையைத் தழுவி, 1992ல் டோனி பிரிட்டன் அமைத்தார்.

படி 3: கோஷம்தான் முதலில்

சரணத்தை அப்புறம் பார்க்கலாம். 2010 உலகக் கோப்பைக்கு ஷகிரா பாடிய 'வக்கா வக்கா'வின் கோஷம், கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1986ல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. அந்த மொழி தெரியாதவர்களும் அதைக் கூடவே பாடினார்கள். நம்மிடம் ஏலேலோ இருக்கிறது, தன்னானே இருக்கிறது, நடவு வயலின் குலவை இருக்கிறது. கோல் விழுந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை எழுந்தால் அதை மிஞ்ச எந்தப் பாட்டாலும் ஆகாது!

ஊர்ப் பெயரைக் கட்டாயம் சேருங்கள். மன்னார்குடி என்றால் மன், னார், குடி என்று மூன்று தட்டு. நாலாவது தட்டில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த இடம் தவிலுக்கு. பிறகு ஒரு சின்னப் பிள்ளையிடம் ஒரே ஒருமுறை பாடிக் காட்டுங்கள். திருப்பிப் பாடவில்லையா, வரியைச் சுருக்குங்கள்.

படி 4: தாளம்

தகதிமி என்ற நாலு தட்டே போதும். தவில்காரருக்குக் கை துறுதுறுக்கும், ஐந்து, ஏழு என்று போகப் பார்ப்பார். "அண்ணே, ஜனங்க கை தட்டணும்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: பதிவு

மண்டபத்துக்குள் எதிரொலிக்கும், தென்னந்தோப்பு நல்லது. பாடுபவர்கள் போனுக்குப் பக்கத்தில், தவில் நன்றாகத் தள்ளி. உங்கள் பாட்டு ஒலிக்கப்போவது குழாய் ஸ்பீக்கரில் என்பதை மறக்காதீர்கள். அதில் அடித்தொனி எடுபடாது. தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கம் அமுங்கிவிடும்; விரலில் கூடு மாட்டி வாசிக்கும் வலந்தலையும் கைதட்டலும்தான் தூரத்துக்குக் கேட்கும். ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாமல், முதல் நாளே மைக் செட்டில் போட்டுப் பாருங்கள்.

கோஷத்தை மட்டும் பதினைந்து விநாடிக்கு வெட்டித் தனி ஃபைலாக மைக் செட்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கோல் விழுந்த நேரத்தில் முழுப் பாட்டில் அதைத் தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமிருக்காது.