தண்ணி ஊத்தி ஊத்தியே செடிய கொல்லாதீங்க

மாடித்தோட்டத்துல செடி சாகுறது பெரும்பாலும் தண்ணி இல்லாம இல்லைங்க, தண்ணி ஜாஸ்தியாகித்தான். மத்தியானம் மாடிக்கு போனா தக்காளி இலையெல்லாம் தொங்கிட்டு கெடக்கும், உடனே ஐயய்யோன்னு ஒரு பக்கெட்ட கவுத்துருவோம். உச்சி வெயில்ல இலை வழியா ஆவியா போற வேகத்துக்கு வேரால தண்ணி அனுப்ப முடியாது, அதான் தொங்குது, மண்ணுல ஈரம் இருந்தா சாயந்தரம் தானா நிமிந்துரும். விரல மண்ணுக்குள்ள விட்டு பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

வேரும் சுவாசிக்குது. இலை ஆக்சிஜன் விடும்னு ஸ்கூல்ல படிச்சத வச்சு செடிக்கு ஆக்சிஜனே வேணாம்னு நெனச்சுக்குறோம், ஆனா ராத்திரி பகல்னு இல்லாம அதுக்கு ஆக்சிஜன் வேணும், வேருக்கு அது மண் இடுக்குல இருக்க காத்துல இருந்துதான் கெடைக்கணும். அங்க தண்ணி நின்னுட்டா வேர் அழுகும், அழுகுன வேர் தண்ணி உறியாது, செடி வாடும், வாடுதேன்னு நாம இன்னும் ஊத்துவோம், கதை முடிஞ்சது. தொட்டி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க, அடித்தட்டுல தண்ணி தேங்க விடாதீங்க. நெல்லு தண்ணிலயே நிக்குதேன்னு கேக்கலாம், அதுக்கு தண்டு வழியா வேர் வரைக்கும் காத்து எறங்க உள்ளயே வழி இருக்கு.

அடுத்த தப்பு, உரம்தான் சாப்பாடுன்னு அள்ளி போடுறது. சாப்பாட்ட இலைதான் வெயில், தண்ணி, கார்பன் டை ஆக்சைடு வச்சு செஞ்சுக்குது, உரத்துல இருந்து வர்ற சத்து கொஞ்சம்தான் வேணும். வான் ஹெல்மான்ட்னு ஒரு விஞ்ஞானி வில்லோங்குற மரத்தோட கன்னுக்குட்டிச் செடிய தொட்டில வச்சு 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்துனாரு, 1648ல வந்த அவர் புக்ல இருக்கு. மரம் 164 பவுண்டு கூடுச்சு, மண்ணு குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ். அவரு தண்ணியேதான் மரமாச்சுன்னு முடிவு கட்டிட்டாரு, இத்தனைக்கும் கரி எரிஞ்சா வர்ற வாயுவுக்கு (நம்ம கார்பன் டை ஆக்சைடுதான்) தனியா பேரு வச்சதே அவருதான்!

அதனால நிழல்ல இருக்க தக்காளிக்கு எவ்ளோ உரம் போட்டும் புண்ணியமில்ல, வெயிலுக்கு மாத்துங்க. யூரியா ஓவரானா இலை மட்டும் தளதளன்னு வரும், பூ வராது, இன்னும் கூடுனா உப்பேறி இலை ஓரம் கருகும்.

கறிவேப்பிலைல இலை இலையா உருவாதீங்க, நுனியோட கிள்ளுங்க. நுனில ஊறுற ஆக்சின்ங்குற ஹார்மோன்தான் பக்க மொட்ட அடக்கி வைக்குது, நுனி போச்சுன்னா கீழ இருந்து ரெண்டு மூணு கிளை வெடிக்கும்.