மத்தியதரைக் கடல் தீவில் உளவியல் கோடைப்பள்ளி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி, மார்ச் வந்தால் உளவியல் மாணவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். கிரீட்டில் ஒரு கோடைப்பள்ளி (கோடையில் நடக்கும் குறுகிய காலப் படிப்பு), சிசிலியில் ஒன்று, மால்டாவில் ஒன்று, விண்ணப்பிக்கலாமா? தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது தடுக்கி விழுந்த இடங்களிலேயே இப்போது புதியவர்களும் விழுவதை, வழிகாட்டியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

விசாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

கிரீட், சிசிலி, மால்டா மூன்றுக்கும் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். கோடையில் நேரில் போய்க் கொடுப்பதற்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. இடம் உறுதியான அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் விசா விஷயத்தில் அதைத் தனியாக விசாரித்துவிடுங்கள்.

வகுப்பு தொடங்கும் நாளிலேயே போய் இறங்குவது

கிரீட்டின் ரெதிம்னோவில் பல்கலைக்கழக உளவியல் துறை இருக்கிறது, விமான நிலையம் இல்லை. ஹெராக்ளியானிலோ ஹானியாவிலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஏதென்ஸிலிருந்து கப்பலில் போகலாம் என்றால், ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். காற்று பலமானால் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். முதல் நாள்தான் குழு பிரிப்பார்கள். அதைத் தவறவிட்டவர் கடைசிவரை ஒட்டாமலே இருப்பார். ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

எதிக்ஸ் அனுமதி இல்லாமல் தரவு திரட்டுவது

இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். எதிக்ஸ் அனுமதி என்பது, ஆய்வில் பங்கெடுப்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பல்கலைக்கழகக் கமிட்டி பார்த்துத் தரும் அனுமதி.

பல கோடைப்பள்ளிகளில் மாணவர்களைப் பல நாட்டுக் குழுக்களாகப் பிரித்து ஒரு சிறு ஆய்வைத் திட்டமிடச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் நன்றாகப் பழகிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது, "இப்பவே ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு அனுப்பிடலாமே, சும்மா ஒரு பைலட் (முன்னோட்டம்)" என்பார்கள். அரைமணி நேரத்தில் ஃபார்ம் தயார். ஆளுக்கு நாலு வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க் போய்விடும்.

கிரீட்டில் நான் உடனிருந்த ஒரு பள்ளியில் ஒரு குழு இதைத்தான் செய்தது. தலைப்பு, மாணவர்களின் தூக்கமும் மனச்சோர்வும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளை அப்படியே சேர்த்துவிட்டார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும். காலையில் பார்த்தால் அதற்குச் சிலர் 3 போட்டிருந்தார்கள். ஏறக்குறைய தினமும் வருகிறது என்று அர்த்தம். பெயர் இல்லை, மின்னஞ்சல் இல்லை, எந்த நாடு என்றுகூடத் தெரியாது. ஃபார்மின் கடைசியில் ஓர் உதவி எண் போடவில்லை. யாரைப் போய்த் தேடுவது? அந்தப் பிள்ளைகள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

எதிக்ஸ் கமிட்டி வெறும் காகித வேலை என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இந்த மாதிரி ஆய்வில் கமிட்டி கட்டாயம் கேட்கும் கேள்வியே, ஒருவர் தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிவித்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்திருந்தாலே ஒன்பதாவது கேள்வியை விட்டுவிட்ட பிஹெச்க்யூ-8ஐ எடுத்திருப்பார்கள். அல்லது தொடர்புகொள்ள ஒரு வழி வைத்திருப்பார்கள். நாடுவாரியாக உதவி எண்களும் சேர்ந்திருக்கும்.

ஆய்வாகவும் அது தேறவில்லை. ஆய்வு தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்கிறது, மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறிகள் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம். பல உளவியல் இதழ்கள் அதையே கேட்கின்றன. முடிந்துபோனதற்குப் பின்னால் அனுமதி கிடைக்காது. தரவைப் பார்த்துவிட்ட பிறகு ப்ரீரெஜிஸ்ட்ரேஷன் (கருதுகோளையும் திட்டத்தையும் முன்கூட்டியே பதிவு செய்வது) செய்வதிலும் பொருளில்லை. முடிவு தெரிந்த பின் கருதுகோளை எழுதி, முதலிலேயே நினைத்ததுபோல் காட்டுவதற்கு நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் 1998இலேயே ஹார்க்கிங் என்று பெயர் வைத்தார். கடைசியில் வந்த பதில்கள் அத்தனையையும் அழித்தார்கள். பதில் சொன்னவர்களின் நேரமும் நம்பிக்கையும் அதோடு போயிற்று.

தீவில் இருக்கும் நாட்களில் எதிக்ஸ் விண்ணப்பத்தின் வரைவை எழுதுங்கள். யாருடைய பல்கலைக்கழகக் கமிட்டிக்கு முதலில் போவது, மற்ற நாடுகளில் தனி அனுமதி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பெயரோ மின்னஞ்சலோ கேட்கப்போகிறீர்கள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் விதிகளும் வந்து சேரும். அதில் மனநலத் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஏதாவது செய்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் செயற்கைத் தரவு உருவாக்கி உங்கள் பகுப்பாய்வை ஓட்டிப் பாருங்கள். திட்டத்தில் இருக்கும் பாதி ஓட்டை அதிலேயே தெரிந்துவிடும்.

நோயாளி கதையைச் சாப்பாட்டு மேசையில் பேசுவது

கிளினிக்கல் (நோயாளிகளைப் பார்க்கும்) மாணவர்களுக்கு இது. பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது. ஊர், வயது, தொழில், நடந்த சம்பவம் நான்கும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. கடல் தாண்டினாலும் அந்தக் கடமை உங்களோடுதான் வரும்.

லேப்டாப்பை அங்கே போய்த் தயார் செய்வது

ஆர், ஆர்ஸ்டூடியோ, தேவையான பேக்கேஜ்கள் எல்லாம் வீட்டிலேயே. விடுதி வைஃபையை முப்பது பேர் பங்கு போடுவார்கள்.

காகிதப் போஸ்டர்

உங்கள் ஆய்வை விளக்கும் போஸ்டர் கொண்டுபோகிறீர்கள் என்றால் துணியில் அச்சிடுங்கள். மடித்துப் பையில் வைக்கலாம்.

பிளக்

மால்டா, சைப்ரஸில் பிரிட்டிஷ் மூன்று முனை.

திரும்பும் டிக்கெட்டை அங்கே போய் எடுப்பது

ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு நாள். கிரீஸ், இத்தாலி, மால்டா, சைப்ரஸ் நான்கிலும் அரசு விடுமுறை. அதையொட்டிக் கப்பல், பேருந்து எல்லாம் நிரம்பிவிடும். பள்ளி அந்த வாரத்தில் முடிகிறது என்றால் போகும் டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள்.